சாரல் உண்டா?

மேலகரம்
9.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீலா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் சுகத்தை உங்கள் கையாலேயே எழுதி வாங்கத்தான் இந்தக் கடிதம்.

தொண்டை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. நான் வாட்ஸப்பில் பத்து வரி அனுப்பினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். முந்தாநாள் ஒரே ஒரு ‘ம்’. குரல்வளையைத்தானே எடுத்தார்கள், கையை இல்லையே? தென்காசி தபாலாபீசுக்குப் போய் இன்லண்ட் லெட்டர் இருபது கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை உள்ளே போய்த் தேடி எடுத்து, தூசி தட்டி, “யாருக்குக்கா இவ்வளவு எழுதப் போறிய?” என்று கேட்டது. “பதில் போடாத ஆளுக்கு” என்றேன். பாதியை உங்களுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். தாள் இல்லை என்று தப்பிக்க முடியாது.

முப்பத்தோரு வருஷமாகக் காலை ஆறு மணிக்கு என் வீட்டில் போன் அடிக்கும். எடுத்தால் சுகமா என்று கேட்பது கிடையாது. “நீலா, சாரல் உண்டா?” நான் உண்டு, இல்லை என்று சொல்ல, நீங்கள் சென்னையில் உட்கார்ந்து டைரியில் எழுதிக்கொள்வீர்கள். பங்குனி வெயிலில் மண்டை காயும்போதும் அதே கேள்விதான். பூகோள வாத்தியாருக்கு ரிட்டயர்மெண்டே கிடையாது என்று கிண்டல் செய்வேன். இப்போது ஆறு மணிக்கு வீடு சும்மா கிடக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஊரார் குரலையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். எனக்கு வேண்டியது ஒரே ஒரு குரல். அதை விடுவதாக இல்லை.

கழுத்தில் சின்ன வால்வு வைத்திருப்பதாகவும், பயிற்சிக்குப் போனால் பேச்சு வந்துவிடும் என்று டாக்டர் சொன்னதாகவும் உங்கள் மகள் ரஞ்சனிதான் சொன்னாள். போகிறீர்களா?

இங்கே நல்ல வெயில். பின்பக்கம் துணி காயப்போடும் கொடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டுகிறது. சிலந்தி வலை, தேங்காய் நார், என் பழைய சேலையின் நூல், எல்லாம் அதற்கு வேண்டியிருக்கிறது. நான் துணியை முன்பக்கம் காயப்போடுகிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
நீலா

*

அம்பத்தூர்
30.3.2025

நீலாவுக்கு ஆசிகள்.

கடிதம் வந்தது. உடம்பு தேவலை. ரஞ்சனி ஆபீஸ் போகுமுன் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இங்கே காற்று அசையவில்லை.

கொடிக்கயிற்றைத் தொடாதே. பெட்டை மட்டும்தான் கட்டும். ஆண் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். முழங்காலுக்கு மருந்து தடவு.

சாம்பசிவம்

*

மேலகரம்
6.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மருந்து தடவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அங்கே காற்று அசைந்ததா? உங்கள் கடிதத்தை எண்ணிப் பார்த்தேன், எட்டே வரி. பயிற்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பரவாயில்லை, நான் மறுபடி கேட்பேன்.

செவ்வாய்க்கிழமை குரங்குக் கூட்டம் வந்து தேன்சிட்டின் கூட்டைப் பிய்த்து எறிந்துவிட்டது. முட்டை இன்னும் இடவில்லை, அதுவரை நல்லது. நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. புதன்கிழமை காலையில் பார்த்தால் அதே பெட்டை, அதே கயிற்றில், முதல் நாரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெட்கப்பட்டுப்போய் நானும் இட்லி ஊற்றினேன்.

சாயங்காலம் அடுத்த வீட்டு ஹாஜரா பீவியோடு சீரியல் பார்க்கிறேன். கதாநாயகிக்கு விபத்தில் பேச்சு போய் நூற்று நாற்பது நாள் ஆகிறது. “நீலாக்கா, அந்தப் பிள்ளைக்கு இன்னைக்காவது பேச்சு வருதான்னு பாப்போம், வாங்க” என்று ஹாஜரா தினமும் கூப்பிடுகிறாள். நேற்று கதையில் கோயில் மணி ஒரு தடவை அடித்தது; அந்தப் பிள்ளை “அம்மா” என்று அலறிப் பேசிவிட்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. பிறகு வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

லைப்ரரியில் ஒரு பழைய துப்பறியும் நாவல் எடுத்தேன். மலைப் பங்களாவில் ஒரு டாக்டர் கொலை. கடைசி எட்டுப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டான். அவன் நன்றாக இருப்பானா?

விடாக்கண்டி,
நீலா

*

அம்பத்தூர்
27.4.2025

அன்புள்ள நீலாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். காற்று அசைந்தது, ஆனால் அனல். உன் முழங்கால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சீரியல் வைத்தியம் எனக்கும் தெரியும். அம்பத்தூரில் கோயில் மணிக்குப் பஞ்சமில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

பயிற்சிக்கு வியாழன்தோறும் போகிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு. மரத்தில் மூன்று அணில். ஒன்றுக்கு வாலில் பாதி இல்லை. அந்த அரைவால் அணில்தான் மற்ற இரண்டையும் விரட்டுகிறது. ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. போன வியாழன் மரத்தின் மேற்குப் பக்கப் பொந்துக்குப் பஞ்சு கொண்டுபோனது.

அந்த நாவல் நான் படித்ததுதான். கொலைகாரன் யார் என்று தெரிந்தால் உனக்குத் தூக்கம் வராது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
சாம்பசிவம்

*

மேலகரம்
8.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? எனக்கு இன்று உடம்பு, மனசு, முழங்கால் எல்லாம் சுகம். சீசன் தொடங்கிவிட்டது! புதன்கிழமை மத்தியானம் மேற்கே மலை மறைந்தது. மூன்று மணிக்குக் காற்று, மூன்றேகாலுக்குச் சாரல். மறுநாள் காலை ஆறு மணிக்கு போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பழக்க தோஷம்.

தேன்சிட்டின் குஞ்சு இரண்டும் பறந்துவிட்டன. கூடு காலியாகத் தொங்குகிறது, நான் எடுக்கவில்லை. ராத்திரி ஓட்டின் மேல் மரநாய் நடக்கிறது. காலையில் பார்த்தால் பப்பாளியில் பாதியைக் காணோம்.

நீங்கள் பயிற்சிக்கு ஒழுங்காகப் போவது கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். இருபதாம் தேதி பொதிகையில் உங்களுக்குக் கீழ் பெர்த் போட்டாயிற்று. மறுநாள் காலை நான் தென்காசி ஸ்டேஷனில் நிற்பேன். நேரே ஐந்தருவிக்கு ஆட்டோ. கூட்டம் வருமுன் அருவிக்குள் நின்று, தலையைக் கொடுத்து, கழுத்தை நன்றாகக் காட்டுங்கள். இத்தனை மூலிகையைத் தொட்டு வரும் தண்ணீர். தொண்டையில் அடைத்திருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு போகும். ஊமையைக்கூடக் கத்தவைக்கும் குளிர் அது. வால்வும் பயிற்சியும் ஒரு பக்கம் இருக்கட்டும், நம் அருவியை மிஞ்சின டாக்டர் யார்?

கொலைகாரனைக் கடிதத்தில் எழுதாதீர்கள். அருவிக் கரையில் வைத்து உங்கள் வாயால் சொல்லுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
நீலா

*

மேலகரம்
22.6.2025

அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க இன்று மனசு வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஹாஜரா பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருந்தாள். வண்டி நின்றது, எல்லாரும் இறங்கினார்கள், வண்டி செங்கோட்டைக்குப் போய்விட்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி முழுவதையும் தனியாகக் குடித்தேன். வரவில்லை என்றால் ‘வரவில்லை’ என்று அடிக்க ஐந்தே எழுத்து. அதற்குமா விரல் எழவில்லை?

கோபத்தில் சீரியல் பார்க்கவில்லை. புத்தகமும் ஓடவில்லை. நேற்று நல்ல சாரல். உங்கள் டைரியில் அந்த நாள் வெறுமையாக இருக்கும், இருக்கட்டும்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் எழுதுங்கள்.

நீலா

*

அம்பத்தூர்
29.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

ரஞ்சனி வணக்கத்துடன் எழுதுகிறேன். அப்பா உடம்பு நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள். இதை போனில் சொல்லியிருக்கலாம்; நடுவில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவால் இனிமேல் அருவியில் குளிக்க முடியாது அத்தை. சீசனுக்கு மட்டும் இல்லை, எப்போதுமே. அவர் மூச்சு மூக்கு வழியாக இல்லை, கழுத்தில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான். அதில் தண்ணீர் இறங்கினால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். வீட்டில் குளிக்கும்போதே மறைப்புக் கட்டிக்கொண்டுதான் குளிக்கிறார். இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார். “அவளுக்கு அருவிதான் சாமி” என்று எழுதினார். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அதை டைரிக்குள் வைத்துக்கொண்டு, மூன்று நாள் ஸ்லேட்டையே தொடவில்லை.

இன்னொன்று. போன வாரம்தான் எனக்கும் தெரிந்தது. அப்பா பயிற்சிக்கே போவதில்லை. வியாழன்தோறும் ஆட்டோவில் கிளம்பி, ஆஸ்பத்திரிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். முதல் இரண்டு வகுப்புக்குத்தான் போயிருக்கிறார்.

ஏனென்று எனக்குத் தெரியும். மார்ச் கடைசியில் ஒருநாள் வீட்டில் ஓட்டையை விரலால் மூடி ‘ரஞ்சனி’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தக் குரலைக் கேட்டுப் பயந்து அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். பயமில்லை அத்தை. அப்பா என் பேரைச் சொல்லி இரண்டரை மாதம் ஆகியிருந்தது, அதுதான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை.

உங்கள்,
ரஞ்சனி

*

மேலகரம்
4.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மூச்சு நன்றாக இருக்கிறதா, அதை முதலில் சொல்லுங்கள். நான் இருக்கிறேன்.

ரஞ்சனியின் கடிதத்தைப் படித்துவிட்டு, நான் உங்களுக்கு எழுதியதை ஒவ்வொரு வரியாக நினைத்துப் பார்த்தேன். கழுத்தை நன்றாகக் காட்டுங்கள் என்று எழுதியிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரில் தலைவலி, மனவலி, கல்யாணத் தடை எல்லாவற்றுக்கும் அருவியைக் காட்டிக் காட்டியே வளர்ந்துவிட்டோம். வேறு எந்த ஊர்க்காரி இப்படி ஒரு வைத்தியம் சொல்வாள்? மன்னித்துவிடுங்கள்.

மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி என் முறை. மூன்று அணிலை ஒரு மணி நேரம் பார்த்தவர் எப்போது உள்ளே போனார் என்று அன்றைக்கே கேட்காமல் போனேனே! பூகோள வாத்தியார் பொய்யிலும் மேற்குப் பக்கம் என்று திசை சொல்கிறார். அந்தப் பிள்ளை பயந்து அழவில்லை. அவள் பேரை நீங்கள் சொன்னதற்காக அழுதாள். அதைக் கேட்காமல், மூன்று மாதமாக அவளையும் ஏமாற்றி, என்னையும் ஏமாற்றி, பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, அண்ணே. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு பாசமோ அவ்வளவு கோபம்.

நேற்று ஐந்தருவிக்குப் போனேன், குளிக்க இல்லை. தண்ணீர் எதுவரை தெறிக்கிறது என்று அளந்து பார்த்தேன். பழக்கடைகளைத் தாண்டி ஒரு வாகை மரம். அங்கே கையில் ஒரு சொட்டு விழவில்லை, ஆனால் அருவிச் சத்தம் காதை நிறைக்கிறது. கழுத்தில் துண்டு, கையில் குடை, உட்கார ஒரு நாற்காலி. கடைக்காரர் மூசாவிடம் நாற்காலிக்குச் சொல்லிவிட்டேன். “அண்ணாச்சி எப்ப வருதாங்க?” என்று கேட்டார். “பேசிட்டு வருவாங்க” என்றேன்.

நாளை முதல் தினமும் காலை ஆறு மணிக்கு போன் பக்கத்தில் உட்காருவேன். நான் அடிக்க மாட்டேன். நீங்கள்தான் அடிக்க வேண்டும். இரண்டே வார்த்தை கேட்டால் போதும், எந்த இரண்டு என்று உங்களுக்கே தெரியும். கொலைகாரனையும் அப்போது சொல்லுங்கள். அதுவரை அந்த நாவலை லைப்ரரியில் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

பிடிவாதத்தில் உங்களுக்குக் குறையாத,
நீலா

*

அம்பத்தூர்
24.7.2025, வியாழன்

அன்புள்ள நீலாவுக்கு,

மூச்சு நன்றாக இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்று ரஞ்சனியும் நானும் ஸ்லேட்டில் சண்டை போட்டோம். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் பலப்பம் தீர்ந்துபோய் சிரித்துவிட்டோம்.

போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகத்தான் கிளம்பினேன், கால் வரவில்லை. ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, “மூணு அணிலா, நாலா சார்?” என்று கேட்டார். கரகரவென்று, ஜல்லியைக் கொட்டுவதுபோல ஒரு குரல். எனக்கு உடம்பு கூசியது. பெயர் பெஞ்சமின். சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். பதினோரு வருஷத்துக்கு முன் அவருக்கும் இதே ஆபரேஷன். நான் நின்றுபோன பிறகு அந்த வகுப்பில் பேசச் சொல்லித்தர வந்தவர். மூன்று மாதமாக ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். “நீங்களா வருவீங்கன்னு பாத்தேன். வர்ற மாதிரி தெரியல” என்றார். அணிலைப் பற்றிப் பேசினார், கூட்ஸ் வண்டியில் பாம்பு ஏறிய கதை சொன்னார். ஐந்து நிமிஷத்தில் குரல் எனக்கு மறந்துபோய்க் கதையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

அன்றைக்கு அவரோடு உள்ளே போனேன். இன்றும் போனேன், மறுபடி தொடங்கி இது இரண்டாவது வகுப்பு. என் குரல் தவளை மாதிரி இருக்கிறது நீலா. மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்ட குரல் என்று பெயர் வாங்கியவன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். போனில் அதைக் கேட்டால் நீ வைத்துவிடுவாய்.

சாரலின் மணமும் எனக்கு இனித் தெரியாது. ரசமா சாம்பாரா என்பதற்கு நாக்குதான் சாட்சி. இதையும் நீ தெரிந்துகொள்.

அணில் குட்டி போட்டிருக்கிறது. மரத்தில் இப்போது மூன்று இல்லை, ஐந்து.

சாம்பசிவம்

*

மேலகரம்
29.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகம், சுகம். பெஞ்சமின் அண்ணாச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், எழுதிக் காட்டாமல் சொல்லுங்கள்.

தவளையைப் பற்றி என்னிடமா பேசுகிறீர்கள்? கிணற்றடியில் இருபது தவளை இருக்கிறது. கத்தாத அன்று எனக்குத்தான் பயமாக இருக்கும், சாரைப்பாம்பு வந்துவிட்டதோ என்று. நுணல் பாம்பு இருக்கிற இடத்தில் கத்தினால்தான் கெடும். தங்கச்சி வீட்டில் கத்தினால் என்ன கெட்டுப்போகும்? டிரங்க் கால் காலத்தில் நான் கேட்காத குரலா? பாதி இரைச்சல், பாதி இடி, நடுவில் ஒரு மனுஷன் “சௌக்கியமா” என்று கேட்பான். அதைப் பிடித்து எடுப்பதுதானே என் உத்தியோகம்.

மணம் தெரியாது என்று எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் ஒன்று செய்ய முடியும். சாரல் வரும்போது என்ன மணக்கிறது என்று நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கு: ஈர வைக்கோல், ஹாஜரா வீட்டுக் கருவாட்டுக் குழம்பு.

இருபத்தைந்து நாளாக ஆறு மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தாறாவது நாளும் உட்காருவேன்.

நீலா

*

மேலகரம்
11.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகம் என்பதை நேற்று என் காதால் கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, இன்று கூப்பிட மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சரியாக ஆறு. போன் அடித்தது. எடுத்தேன். முதலில் காற்று மட்டும் வந்தது.  பிறகு அந்தக் குரல். கரகரவென்று, நடுநடுவே நின்று நின்று, “சாரல்... உண்டா?”

வெளியே பார்க்க வேண்டியதில்லை; எனக்குத் தெரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை, அண்ணே. ‘நம்பர் ப்ளீஸ்’ என்று முப்பது வருஷம் சொன்ன வாய், ஐந்து மாதமாகப் பேசு பேசு என்று உங்களைப் படுத்திய வாய். ஒரு எழுத்துகூட வரவில்லை. நீங்கள் மறுபடி கேட்டீர்கள். அப்போதும் ரிசீவரைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

“ஏட்டி,” என்றீர்கள். “உனக்கு... வாயில்லையா?”

பின்னால் ரஞ்சனி சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நீங்கள், “கம்பவுண்டர்... தான்... கொலகாரன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அந்த ஆளை நான் சந்தேகப்படவே இல்லை. இன்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இருபத்தொன்பதாம் தேதிக்குக் கீழ் பெர்த். இந்தத் தடவை டிக்கெட் எடுத்தது ரஞ்சனி, அவளும் வருகிறாள். மூசா நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறார்.

நீங்கள் கேட்டதற்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை. டைரியை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் பத்து, காலை ஆறு மணி: சாரல் உண்டு.

நீலா